தையா, ஆவணியா என்று கேட்டவளுக்கு

நேற்று எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு மூட்டை பனியன் வந்தது. குடல் புற்றுநோய் விழிப்புணர்வு நடைக்காக மாணவர்கள் வேலம்பாளையத்தில் சொல்லித் தைத்தவை. பிரித்ததும் புதுத்துணி வாசம் அறை முழுக்க அடித்தது. உன் பனியன் யூனிட்டுக்குள் நுழைந்தது மாதிரியே இருந்தது, ஓவர்லாக் மிஷின் சத்தம்தான் இல்லை. அப்புறம் எனக்கு வேலையே ஓடவில்லை.

அவிநாசியில் ஒரே பெஞ்சில் படித்தோம். நான் மைக்ராஸ்கோப்பைக் கட்டிக்கொண்டு அழுதேன், நீ ஏற்றுமதி ஆர்டரை. மலத்தோடு ரத்தம் போனதைப் பற்றி நீ என்னிடம் மூச்சுவிடவில்லை. பொழுதுக்கும் உட்கார்ந்து தைக்கிறவர்களுக்கு மூலம் வராமல் வேறென்ன வரும் என்று உன் யூனிட்டே சொன்னதாம். ஷிப்மெண்ட் போகட்டும், ஷிப்மெண்ட் போகட்டும் என்று தள்ளிக்கொண்டே போனாய். ஸ்கேன் எடுத்தபோது கல்லீரல் வரை பரவியிருந்தது. உன்னை அறையலாம் போலிருந்தது எனக்கு.

கீமோ ஏறும்போது என் வேலையைப் பற்றித் துருவித் துருவிக் கேட்பாய்.

"புற்றை மட்டும் பார்த்தாப் பத்தாது புள்ள. அதைச் சுத்தி ஃபைப்ரோபிளாஸ்ட்னு ஒரு செல் இருக்குது. புண்ணு ஆறணும்னா நார் பின்னிக் குடுக்கறது அதுதான். புற்று அதையும் தன் பக்கம் இழுத்துக்கும். அப்புறம் மருந்து உள்ள போகாம சுவர் கட்டும்."

"அட, கூட்டுக் களவாணி! அதையும் சேர்த்து ஒழிச்சுப்போட வேண்டீதுதான?"

முதலில் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம் என்றேன். சில சோதனைகளில் மொத்தமாக அழித்துப் பார்த்தபோது நோய் இன்னும் வேகமெடுத்தது. அந்தக் கூட்டத்திலேயே புற்றை அடக்கி வைப்பவையும் இருந்திருக்கின்றன. அதனால் இப்போது எது எந்த வகை என்று செல் செல்லாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். தடம் மாறியதைப் பழைய குணத்துக்குத் திருப்ப முடியுமா என்று தேடுகிறார்கள்.

"எங்க தையல் லைன்லயும் அதேதான். கெடுத்தது யாருன்னு தெரியாம அத்தனை பேரையும் நிறுத்திப்போட்டா பீஸ் எப்படி வெளிய போகும்?" என்று சிரித்தாய்.

சிரிப்பு அடங்கியதும் உன் தம்பி கல்யாணத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. வெள்ளகோவிலில் பெண் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு இணைச்சீர் செய்யக் கூடப்பிறந்தவள் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆவணியிலேயே முகூர்த்தம் இருந்தும், உனக்கு உடம்பு தேறட்டும், தையில் வைத்துக்கொள்ளலாம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்களாம். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"நீ படிக்கறதெல்லாம் மருந்தா வர்றதுக்குள்ள நான் இருப்பனா புள்ள? தையா, ஆவணியா? நீ சொல்லு."

நம்பிக்கையாக நாலு வார்த்தை சொல்ல எனக்குத் தெரியாதா? ஆனால் உன் ரிப்போர்ட்டைப் படித்திருந்தேன். உனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஆவணியிலயே வெச்சுக்க" என்றேன்.

கையை உதறிவிட்டாய். அதன்பிறகு நான் கூப்பிட்டால் போனை எடுக்கவேயில்லை. ஒருநாள் ஆவணி முகூர்த்தத்துக்குப் பத்திரிகை மட்டும் வந்தது. மண்டபத்தில், இளைத்த உடம்பில் நிற்காத பட்டுச்சேலைக்கு ஊக்கு மேல் ஊக்காகக் குத்தி, தம்பி பக்கத்தில் நிமிர்ந்து நின்றாய். நாற்காலி கொண்டுவந்த சித்தியை முறைத்தாய். சீர் முடிந்ததும் நேரே என்னிடம் வந்தாய்.

"உம்மேல கோவம் இன்னும் தீரல. சோறு தின்னுட்டுப் போ."

ஐப்பசியில் போய்விட்டாய்.

நான் இன்னும் அதே செல்களோடுதான் மல்லுக்கட்டுகிறேன். புதுக் கட்டுரை ஏதாவது வந்தால் முதலில் சந்தோஷம் வருகிறது. அடுத்த நிமிஷமே, இது அப்போது எங்கே போயிருந்தது என்று பற்றிக்கொண்டு வருகிறது. எலியில் ஒரு நல்ல முடிவு கிடைத்தால் போதும், நோயாளிகளுக்குப் பெரும் நம்பிக்கை என்று மாணவர்கள் எழுதிக்கொண்டு வந்து நிற்பார்கள். "எந்த நோயாளிக்கு? எப்போது?" என்று கேட்டு அந்த வரியை அடிக்கச் சொல்வேன். ரொம்பக் கறாரான மேடம் என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்கிறார்கள்.

பேசட்டும். ஆவணியில் முகூர்த்தம் வைத்தவளை அவர்களுக்குத் தெரியாது.