வால்வைத் தொடாத எட்டு மணி நேரம்

என் பூங்கொடிக்கு,

முடிந்துவிட்டதடி.

இன்று நம் அயனி மூலத்துக்குக் கடைசிச் சோதனை. ஹைட்ரஜன் வாயுவை அயனிகளாக்கி முடுக்கிக்குள் அனுப்பும் அந்தச் சின்னப் பெட்டி, எட்டு மணி நேரம் அயனிக் கற்றையை அறுபடாமல் தர வேண்டும். ஒரு முறை அறுந்தாலும் திட்டத்தை மூடிவிடுவார்களாம். தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு இதெல்லாம் நமக்கெதற்கு என்று கேட்டவர்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள்.

முன்பெல்லாம் கற்றை தளர்ந்தால் நான் வாயுவைக் கூட்டுவேன். கொஞ்சம் ஏறும், பிறகு படீரென்று மின்பொறி வெடித்து எல்லாம் அணைந்துபோகும். நீதான் குறைக்கச் சொன்னாய். “பயிருக்கே எந்நேரமும் தண்ணி கட்டக் கூடாது ராத்தா, கொஞ்சம் காய விடணும்.” பெருநாளுக்கு அதிராம்பட்டினத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, என் தங்கைகள் என்னைக் கூப்பிடுவதைக் கேட்டு நீயும் பிடித்துக்கொண்ட ‘ராத்தா’ அது.

“இது உங்கம்மா நாத்து நடுற வயல் இல்லடி” என்றேன், எல்லார் முன்னாலும். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஏன் சிரித்தாய்?

மன்னிப்புக் கேட்க நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. பிறகுதான் உன் குறிப்பேட்டைத் திறந்தேன். நான் விடுப்பில் இருந்த நாட்களிலெல்லாம் வாயுவைப் பாதியாக்கிச் சோதித்துப் பார்த்திருக்கிறாய். என்னிடம் சொல்லவே இல்லை. எப்படிச் சொல்வாய்?

இன்று உன் அளவைத்தான் வைத்தேன். ஏழு மணி நேரம் தாண்டியதும் கற்றையின் அளவு காட்டும் முள் இறங்கியது. “மேடம், வால்வைத் தொறங்க, அணைஞ்சிடப் போவுது!” என்று டெக்னீசியன் ராமையா கத்தினார். என் கை தானாக நீண்டது. துப்பட்டாவை இரண்டு கைகளிலும் சுற்றி இறுக்கிக்கொண்டேன்.

“கொஞ்சம் காய விடுங்கண்ணே.”

முள் அங்கேயே நின்றது. பிறகு, ஒவ்வொரு நெல்லளவாக மேலே வந்தது. எட்டு மணி நேரமும் கற்றை அறுபடவில்லை, பூங்கொடி.

ஆய்வுக் குழுத் தலைவர் கேட்டார்: “வாயுவைக் குறைக்கணும்னு யாருக்கும்மா தோணுச்சு?”

“பூங்கொடின்னு என் தங்கச்சிக்கு சார். என்கூட இங்க வேலை பார்த்த குத்தாலத்துப் பொண்ணு.”

சொல்வதற்கு முன் ஒரு நொடி, ‘எனக்குத்தான்’ என்று வாய்வரை வந்தது. அந்த நொடியை உன்னிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குத்தாலம் போகிறேன். உன் அம்மா நடவில் இருந்தால் கரையேறும் வரை வரப்பிலேயே நிற்பேன். நீ ஜெயித்ததைச் சொல்வேன். அவர் முகம் மலர்ந்த பிறகு, அன்று நான் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் சொல்வேன்.

நீ கூப்பிடுவதற்கு இன்னும் தகுதி தேடும்
உன் ராத்தா,
நூர்ஜஹான்