சிவப்புக் கண் வைத்த பிஸ்கற் ரின்

இஞ்சாருங்கோ,

பிள்ளையோட சல்லிக் கிராமத்துக்கு, அக்கா வீட்டை போறன். சோறும் மீன்குழம்பும் குசினிக்குள்ள மூடியிருக்கு. வெளிக்கிடேக்க வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டு மைமூனாவிட்ட குடுங்கோ.

என்ர பிஸ்கற் ரின்னை வெட்டி, ரோச் லைற்றையும் கழட்டிச் சிவப்புக் கண் வைச்சு, பிள்ளைக்கு யந்திர மனிசன்ர தலை செய்தீங்களெண்டு நேற்றுக் கத்தினனான். சண்டைக் காலத்தில பற்றரிக்கு எங்க போறதெண்டும் கேட்டனான்.

இண்டைக்குக் காலமை யப்பான் பிளேன் வருகுதெண்டு சங்கு ஊதினது. பதுங்கு குழிக்குள்ள இறங்கமாட்டனெண்டு எப்பவும் அழுகிற எங்கட பிள்ளை பாக்கியம், அந்தத் தலையைப் போட்டு, கண் ரெண்டையும் எரியவிட்டு, எனக்கு முன்னால இறங்கினவள். என்ர கையையும் பிடிச்சு இறக்கினவள். உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும்.

பூரணம்

மறந்துபோனன்: மற்ற ரின்னில இருந்த மாவைச் சட்டியில கொட்டிப்போட்டன். எனக்கும் ஒண்டு செய்யுங்கோ. கொண்டைக்கு இடம் விட்டு வெட்டுங்கோ.