மூன்றாம் மாடிச் சூடு

களக்காடு,
மே 27

தம்பி மகேசுக்கு, அக்கா வேணி எழுதுவது. இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. அம்மாவின் காரியம் முடிந்து நீ புனே போனாய்; அன்றிலிருந்து என் போனை நீ எடுக்கவில்லை. அதனால்தான் கடிதம்.

விமான நிலையத்தில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பேட்டையில் அந்த முதியோர் இல்லம் கட்டும்போது, அறைகளில் எவ்வளவு சூடு இருக்கும் என்று கணினியில் கணக்குப் போட்டுக் கொடுத்தவன் நீ. தளமும் சுவரும் சூட்டை அப்படியே கடத்திவிடும் என்று வைத்துக்கொண்டு போடுவது ஒரு முறை. பகலெல்லாம் கான்கிரீட் குடித்த சூட்டைச் சாயங்காலம் கக்குவதையும் சேர்த்து, மணிக்கு மணி போடுவது இன்னொன்று. அதற்கு ஒரு வாரம் ஆகும், அவர்களுக்கோ மறுநாளே அறிக்கை வேண்டும், அதனால் முதலாவதை எடுத்தேன் என்றாய். "சராசரி ரெண்டுலயும் ஒண்ணுதாம்க்கா" என்று அழுதாய்.

சராசரியில் யாரும் படுத்திருப்பதில்லை, மகேஷ்.

நீயே பார்த்த கட்டடம் என்றுதான் அம்மாவையும் அப்பாவையும் அங்கே மொட்டை மாடிக்கு நேர் கீழே, மூன்றாம் மாடியில் சேர்த்தாய். என் வீட்டில் இடமில்லை என்று நானும் தலையாட்டினேன். சித்திரையில் அம்மா உனக்குப் போன் செய்தாள்: "மேலேருந்து அடுப்பு மாதிரி எறங்குதுலே." முப்பத்துநாலு டிகிரிக்கு மேல் போகாது, உனக்குப் பிரமை என்றாய்.

இல்லத்து மேலாளர் காசிலிங்கம் அண்ணாச்சி நேற்றுத்தான் சொன்னார். இரண்டு தடவை கீழே அறை தரட்டுமா என்று அம்மாவிடம் கேட்டாராம். "எம் மகன் கணக்குப் போட்ட எடம். நானே எறங்கிப் போனா அவன் பேரு என்னாவும் அண்ணாச்சி?" என்றாளாம். ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டே கிடந்திருக்கிறாள். அவள் போன அன்று சாயங்காலம் அப்பா காப்பி கொண்டுபோனபோது அந்தத் துண்டு காய்ந்திருந்தது.

நேற்று வெப்பமானி வாங்கி அம்மா கட்டிலில் வைத்தேன். காலையில் இருபத்தொன்பது. சாயங்காலம் ஆறு மணிக்கு முப்பத்தொன்பது. உன் சராசரி முப்பத்துநாலு சரியாகத்தான் இருக்கிறது.

அப்பா இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறார். கெஞ்சிப் பார்த்துவிட்டோம். வெப்பமானியைக் காட்டினேன். "இது மலிவு சாமான், தப்பாக் காட்டும். மகேஷு அப்பமே பாத்துச் சொல்லிட்டான்லா" என்கிறார். கணக்கு தப்பு என்று உன் வாயால் சொன்னால்தான் இறங்குவார். இன்றே சொல்.

உன் பிள்ளைகள் நன்றாயிருக்கட்டும். அம்மா உன்னை நம்பியதுபோல் அவர்கள் உன்னை நம்பாதிருக்கட்டும்.

அக்கா,
வேணி