ஒரு கையால் திறக்கும் பெட்டி

பிரியமுள்ள உங்களுக்கு,

உங்கள் வாயாடி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காவும் கோழிக்குஞ்சுகளும் நலம். அங்கே உங்கள் நலம் அறிய ஆவல். நலம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதிவிட்டேன். என்னைப் பொறுத்தவரை அது முழுக்கச் சரியில்லை. உட்கார்ந்து படியுங்கள். தொழிற்சாலை வாசலில் நின்றுகொண்டு படிக்க வேண்டாம்.

குஞ்சுகளைச் சூட்டில் வைத்து வளர்க்கும் புரூடர் பெட்டிக்கு நீங்கள் திருத்தி அனுப்பிய வரைபடமும் கடிதமும் கிடைத்துப் பல வாரங்கள் ஆகிவிட்டன. கடிதத்தின் முடிவில் ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள். "மூடியை ஒரு கையால தெறக்கணும், தட்டை ஒரு கையால இழுக்கணும், கொக்கி எல்லாம் வலது பக்கமே இருக்கணும்னு கேக்குறியே, இன்னொரு கை என்ன, மகாராணி மாதிரி சும்மா உக்காந்திருக்கா?" என்று. படித்தவுடன் சிரித்தேன். பிறகு அழுதேன். பிறகு எழுந்துபோய்க் குஞ்சுகளுக்குத் தண்ணீர் மாற்றினேன்.

பதில் இதுதான். ஆமாம், சும்மாதான் உட்கார்ந்திருக்கிறது. என் இடது கை வேலை செய்யவில்லை. இந்தத் தாள் நழுவாமலிருக்கத் தீவனம் அள்ளும் டப்பாவை அதன் மேல் வைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பழைய மரப்பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது நடந்தது. அந்தப் பெட்டியின் லட்சணம் உங்களுக்குத் தெரியும். பலகைக்குப் பலகை இடுக்கு, கை நுழையாத அடிப்பக்கம், எச்சம் போய் ஒட்டிக்கொண்டு கல்லாகிவிடும் நாலு மூலை. இரத்தக் கழிச்சல் வந்து ஒரு கூட்டமே சுருண்டு செத்தபோது, "மூடிடலாம், உனக்கு எதுக்கு இந்தப் பாடு" என்றீர்கள். "பெட்டியை மாத்துங்க, என்னை மாத்தாதீங்க" என்று நான் சண்டை போட்டேன். நீங்களும் இறங்கிவந்து வரைய ஆரம்பித்தீர்கள். புதுப்பெட்டி வரும்வரை பழையதைச் சுரண்டிச் சுரண்டித்தானே ஆக வேண்டும்? பாதி உடம்பைப் பெட்டிக்குள் விட்டு, இடது கையால் பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூலையைச் சுரண்டினேன். பலகை தானாகக் கீழே விழுந்தது. கையைத் தூக்கு என்று சொல்கிறேன், கை கேட்கவில்லை. அப்படியே மரத்தூளில் சாய்ந்துவிட்டேன். உங்கள் அக்கா நம் வீட்டில் வந்து தங்கியிருந்தது என் நல்ல நேரம். அவரைக் கூப்பிட்டேன். வாயிலிருந்து வந்தது பேச்சாக இல்லை. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

மூளைக்குப் போகும் இரத்தக் குழாயில் அடைப்பு என்று டாக்டர் சொன்னார். கால் திரும்ப வந்துவிட்டது, கொஞ்சம் இழுத்துக்கொண்டு நடக்கிறேன். வாயும் வந்துவிட்டது, உங்கள் துரதிர்ஷ்டம். கை மட்டும் வரவில்லை. "வரலாம், வராமலும் போகலாம், பயிற்சியை விடாதீங்கம்மா" என்கிறார். விடவில்லை. தினமும் ஒரு ரப்பர் பந்தை வைத்துக்கொண்டு அந்தக் கையிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

போன் ரிப்பேர் என்று உங்கள் அக்கா ஆள் மூலம் சொல்லி அனுப்பினாரே, அது நான் சொல்லச் சொன்ன பொய். என் வாய் கோணிக்கொண்டு இருந்தது. ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் கண்டுபிடித்திருப்பீர்கள். வாய் சரியான பிறகும் போனை எடுக்கத் துணிவு வரவில்லை. அதனால்தான் இத்தனை நாளும் கடிதத்திலேயே குடித்தனம் நடத்தினேன்.

ஏன் மறைத்தாய் என்று கோபப்படுவீர்கள். படுங்கள், நியாயம்தான். ஆனால் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்றும் யோசியுங்கள். போட்டது போட்டபடி ஓடி வந்திருப்பீர்கள். வந்ததும் முதல் வேலையாகக் கொட்டகையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருப்பீர்கள். அந்தப் பூட்டுக்குத்தான் நான் பயந்தேன். ஒரு நாள் குஞ்சாக வாங்கி, இறகு முளைக்க வைத்து, பண்ணைக்காரர்கள் தேடிவந்து வாங்கிப்போகும்படி வளர்த்துக் கொடுப்பது நான். வீட்டுக்குள் உட்கார்ந்தால் வருகிறவர் போகிறவரெல்லாம் உச்சுக் கொட்டுகிறார்கள். கொட்டகைக்குள் உச்சுக் கொட்ட யாரும் இல்லை. பசித்தால் குஞ்சுகள் கத்துகின்றன, நான் ஓடுகிறேன், அவ்வளவுதான்.

இனி பெட்டி விஷயம். பட்டறைக்காரர் உங்கள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இது குஞ்சு வளக்கிற பெட்டியா, கொழந்தையைக் குளிப்பாட்டுற தொட்டியா?" என்று கேட்டார். மூலையே இல்லாமல் ஒரே தகட்டை வளைத்துச் செய்வது அவருக்குப் புதிது. செய்து முடித்த பிறகு அவரே விரலை உள்ளே ஓட்டிப் பார்த்துத் தலையாட்டினார். உள்ளே தூரிகையை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், எச்சம் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. குளிர் நேரத்தில் குஞ்சுகள் மூலையில் ஏறி ஏறி நசுங்கிச் சாவதும் நின்றுவிட்டது. நடுவில் தள்ளும் தடுப்பு உங்கள் மூளைதான், ஒத்துக்கொள்கிறேன். குஞ்சுகளை ஒரு பாதிக்குத் தள்ளிவிட்டு மறுபாதியைக் கழுவுகிறேன். யாரையும் கையில் பிடிக்க வேண்டியதில்லை.

நான் ஒரு கை என்று எழுதியும், எச்சத் தட்டுக்கு மட்டும் பழக்கத்தில் இரண்டு பக்கமும் பிடி வரைந்திருந்தீர்கள். உங்கள் கண்ணில் எனக்கு இரண்டு கை. பட்டறைக்காரரிடம், "அவர் மாத்திட்டார், முன்னாடி ஒரே பிடி போதும், அடியில குழாயை உருளை மாதிரி வச்சுடுங்க" என்று உங்கள் பெயரைச் சொல்லி மாற்றிவிட்டேன். இப்போது தட்டு தானாக உருண்டு வந்து, நுனியில் கொக்கியில் மாட்டி, தள்ளுவண்டிக்குள் கவிழ்கிறது. துணி பிழிவதுதான் பெரும்பாடாக இருந்தது. ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு பிழிய முடியாமல் நின்று ஒருநாள் தேம்பித் தேம்பி அழுதேன். இப்போது தண்ணீர்க் குழாயின் கழுத்தில் துணியைச் சுற்றி முறுக்குகிறேன். குழாய்தான் எனக்கு இடது கை.

உங்கள் அக்கா ஒரு நிபந்தனை வைத்தார். "இந்தக் கூட்டத்துக்கு ஒருதடவ நோய் வந்துச்சுன்னா நான் தம்பிக்கு எழுதிடுவேன். அதோட கொட்டகைக்குப் பூட்டு" என்றார். கொட்டகை வாசலைத் தாண்டி அவர் வந்ததில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று என்னைக் கண்காணிப்பார். நான் தடுமாறினால் ஒரு அடி முன்னே வருவார். "தொடாதீங்க, நானே பாத்துக்கிறேன்" என்று கத்துவேன். ஒரு அடி பின்னே போவார்.

நோய் வந்தது. தட்டை இழுத்தபோது எச்சத்தில் சிவப்பு. பழைய மரப்பெட்டியாக இருந்தால் அது தெரிந்தே இருக்காது, குஞ்சு தலையைத் தொங்கப் போட்ட பிறகுதான் தெரியும். பளபளக்கும் தகரத்தில் அது என் முகத்தில் அறைந்தது. ஒரு பெட்டியில், ஒரு பாதியில் மட்டும்தான். தண்ணீரில் மருந்தைக் கலந்தேன். குஞ்சுகளை அடுத்த பாதிக்குத் தள்ளித் தடுப்பை இறக்கினேன். தட்டைக் கவிழ்த்தேன், தேய்த்தேன், கொதிக்கும் தண்ணீர் ஊற்றினேன். எல்லாம் ஒரு கையால் முடிந்தது. அந்தப் பாதியில் குஞ்சுகள் நிற்கும் கம்பிவலைச் சட்டம் மட்டும் வரவில்லை. அதை மேலே தூக்கி எடுத்தால்தான் அடிப்பக்கம் சுத்தமாகும். ஒரு முனையைத் தூக்கினால் மறுமுனை மாட்டிக்கொள்கிறது. முழங்காலை முட்டுக் கொடுத்துப் பார்த்தேன். கயிற்றைக் கட்டிப் பல்லால் கடித்து இழுத்தும் பார்த்தேன். பக்கத்துப் பாதியில் குஞ்சுகள் கத்துகின்றன. இந்தக் கூட்டமும் போய்விட்டால் நானும் போய்விட்டேன் என்றுதான் அப்போது நினைத்தேன். வேறு எப்படிச் சொல்வது?

நிமிர்ந்து பார்த்தால் உங்கள் அக்கா உள்ளே நிற்கிறார். மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். "பல்லு போயிடும்டி, பைத்தியக்காரி. எதை எங்க பிடிக்கணும்னு சொல்லித் தொலை" என்றார். இந்த முறை நான் தொடாதீர்கள் என்று சொல்லவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினோம்.

சில குஞ்சுகள் போயின. மற்றவை தப்பிவிட்டன. இப்போது தோளில் இறகு முளைத்து, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு திரிகின்றன. சொன்னபடி தம்பிக்கு எழுதுங்கள் என்று உங்கள் அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். எச்சத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நான் எதையும் எழுதல. நீயே எழுது, பூட்டுன்னு ஒரு வார்த்தை இல்லாம எழுது" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

அவருக்கும் வீடும் பிள்ளைகளும் உண்டு. எத்தனை நாள்தான் இங்கே இருப்பார்? அடுத்த கூட்டம் வருவதற்குள் அவர் கிளம்ப வேண்டும். அந்தக் கம்பிவலைச் சட்டத்துக்கு நீங்கள்தான் ஒரு வழி செய்ய வேண்டும். இரண்டாக மடியும்படி செய்யலாமா, கீல் வைக்கலாமா என்று எனக்குத் தோன்றுகிறது. கடிதத்தில் அளவு சொல்லி இது சரிவராது. என் கை எவ்வளவு எட்டும், எவ்வளவு எடை தாங்கும் என்று நேரில் பார்த்தால்தான் தெரியும்.

வாருங்கள். இதற்கு முன் எந்தக் கடிதத்திலும் வாருங்கள் என்று நான் எழுதியதில்லை, நீங்களே எடுத்துப் பாருங்கள். வரும்போது அளவுநாடாவோடு வாருங்கள். பூட்டோடு வராதீர்கள். என் இடது கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டுமென்றால் ஒரு நாள் அழுங்கள், நானும் கூட அழுகிறேன். மறுநாள் வலது கையை அளவெடுங்கள்.

அதுவரை அங்கே தகடு வளைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் கவனமாக இருங்கள். என்னை நினைத்துக்கொண்டு வேலையில் கண்ணை விட்டுவிடாதீர்கள். உங்கள் இரண்டு கையும் பத்திரம். உங்களுக்கு இரண்டு, எனக்கு ஒன்று. அந்தச் சட்டத்தைத் தூக்க மூன்று கை தாராளம்.

என்றும் உங்கள்,
வாயாடி