மரத்த விரல்

ஜூன் 3, செவ்வாய்
இன்றும் சூப்பர்வைசர் முருகேஷ் லைன் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "மதுமதி, நாகஜோதி தைக்கிறதக் கொஞ்சம் பாருங்க. கை பேசுதுங்க." மாதிரி உடுப்பு தைக்கும் சாம்பிள் செக்‌ஷனில், கூடுதல் சம்பளத்தில், ஒரே ஒரு இடம் காலி. எனக்குப் பின்னால் தேனியிலிருந்து வந்தவளுக்கா அது? வயதில் மூத்தவள் என்று எல்லோரும் அக்கா போடுகிறார்கள். நான் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன்.

ஜூன் 4
வயிறு எரிகிறது. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 6, வெள்ளி
கண்டுபிடித்துவிட்டேன்! சாயங்காலம் நல்லூர் பஸ் ஸ்டாப்பில் மணிக்கட்டில் ஏதோ தடவிக்கொண்டிருந்தாள். மரத்துப்போக வைக்கும் களிம்பு. வலி தெரியாமல் தைக்கிறதுதானா உன் வேகம், மகராசி? அவளிடம் போய்க் கேட்பேனா? மெடிக்கலில் நானே ஒரு ட்யூப் வாங்கினேன். "கீறல் மேல போடாதீங்க, கனமாப் பூசாதீங்க, மேல எதையும் கட்டாதீங்க" என்று கடைக்காரர் அடுக்கினார். அவருக்கென்ன, சாம்பிள் செக்‌ஷனுக்கா போகப்போகிறார்?

ஜூன் 9, திங்கள்
இடது கையால் எழுதுகிறேன். கோணலாகத்தான் வரும்.

காலையில் வலது மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை, ஊசி கீறிய கீறல்கள் மேலும் களிம்பை அப்பி, பிளாஸ்டிக் கவர் சுற்றி, பனியன் வேஸ்ட் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கட்டை அவிழ்த்து மெஷினில் உட்கார்ந்தபோதே காதில் இரைச்சல், உதடு மதமதத்தது. சட்டை செய்யவில்லை. பறந்தேன். டக்கென்று ஊசி உடைந்தது.

உடைந்த ஊசியின் எல்லாத் துண்டும் சேர்ந்தால்தான் எங்கள் கம்பெனியில் புது ஊசி. நுனியைக் காணோம். குழந்தைகள் போடும் துணியாயிற்றே! லைனை நிறுத்திவிட்டுக் காந்தத்தோடு தேடினார்கள். நானும் குனிந்து தேடினேன். நாகஜோதி என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏத்தா, ஊசி ஒன் வெரல்லயில்ல இருக்கு!"

எனக்குத் தெரியல. என் விரல்... எனக்கே தெரியல!

ஜூன் 10
நேற்று நுனியை எடுத்த டாக்டர், காதில் இரைச்சல் என்று நான் சொன்னதும் முகம் மாறிவிட்டார். "மருந்து ரத்தத்துல ஏறியிருக்குதுங்க. இன்னும் ஏறியிருந்தா இதயத்தையே பாதிச்சிருக்கும்." கூட வந்தவள் நாகஜோதிதான். "நான் வேல முடிஞ்சுதேன் லேசாப் பூசுவேன். தைக்கையில போய்ப் பூசுவாகளா?" என்றாள். பஸ் ஸ்டாப், சாயங்காலம் – இது ஏன் எனக்கு உறைக்கவில்லை?

ஜூன் 16, திங்கள்
இடம் அவளுக்குத்தான். டாக்டரிடம் கேட்டு வாங்கிய நுனியை அவள் ஊசிக் கணக்கு அட்டையில் மற்றத் துண்டுகளோடு ஒட்டிக் காட்டியதால் என் மெஷினுக்குப் புது ஊசி வந்திருக்கிறது. அதில்தான் இன்று மெதுவாகத் தைத்தேன். வயிறு இன்னும் எரிகிறது, பொய் சொல்வானேன். இருந்தாலும் மத்தியானம் ஊத்துக்குளி நெய்யை எடுத்துக்கொண்டு சாம்பிள் செக்‌ஷனுக்குப் போய் அவள் சோற்றில் ஊற்றினேன்.

"வெரல் வலிக்குதா?" என்றாள்.

"வலிக்குதுங்க்கா" என்றேன்.