பூரணியின் பெருவிரல்

கீழ்ப்பிரிவு,
பொகவந்தலாவை.
09.08.2025

அன்புள்ள கிருஷாந்திக்கு,

நாங்கள் இருக்கிறோம். கொழும்பில் நீ சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். போனில் என்னை நீ பிளொக் செய்துவிட்டதால் கடிதம் எழுதுகிறேன். பிளொக் என்றால் என்னவென்று கொமினிகேசன் கடை சப்ராஸ் நானா விளங்கப்படுத்தினார். கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருப்பதாம். வெளியே தட்டுகிற சத்தம்கூட உள்ளே கேட்காதாம். தபாலுக்கு இன்னும் அந்த வசதி வரவில்லை.

இங்கே இரண்டு கிழமையாக மழை. மேல் லயத்தில் ஒரு வீட்டின் கூரைத்தகடு பறந்துவிட்டது. உன் அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. நான் பஜாரில் அதே துணிக்கடையில்தான் நிற்கிறேன்.

என் அம்மாவுக்கு வேலை இல்லை. அதைத்தான் எழுத வந்தேன்.

மே மாதம் உன் கொம்பனி உன்னை இங்கே அனுப்பியது. கைரேகை மெஷினைப் பற்றித் தோட்டத்து ஆட்களுக்கு அவர்கள் பாஷையில் சொல்ல உன்னைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்றார்கள். காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று அழகாகச் சொன்னாய். சேர்வர் என்றால் கொழும்பில் இருக்கும் பெரிய அலமாரி. டேட்டா என்றால் அதில் நம்மைப் பற்றி வைத்திருக்கும் குறிப்பு. "இனிமே கணக்கப்பிள்ளை நெனச்சாலும் ஒங்க பேர வெட்ட முடியாதுங்க. எரர்னு வந்தா பயப்படாதீங்க, மெஷினுக்குப் புரியலன்னு அர்த்தம், ஒங்க தப்பு இல்ல" என்றாய். எல்லோரும் கை தட்டினார்கள். என் அம்மாதான் அதிகம் தட்டினாள்.

முதல் ஆளாக அம்மாவைத்தான் கூப்பிட்டாய். "வாங்க பூரணி அத்தை" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனாய். தோட்டத்துத் துரையும் உன் கொம்பனி மேலதிகாரியும் பக்கத்தில் நின்றார்கள்.

ஜூன் முதலாம் தேதி மெஷின் வேலை செய்யத் தொடங்கியது. மற்றவர்களுக்கு இரண்டாம் தடவையோ மூன்றாம் தடவையோ பச்சை விளக்கு எரிந்தது. அம்மாவுக்குச் சிவப்பு மட்டும்தான். அன்று மலைக்குப் போய்த் தேயிலைக் கொழுந்து பறித்தாள், பேர் விழவில்லை, அந்த நாள் சம்பளமும் இல்லை. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் கணக்கப்பிள்ளை சுதாகரன் மலைக்கே போக வேண்டாம் என்றார். கையால் எழுதினால் சிஸ்டம் ஏற்காதாம். பக்கத்துக் காம்பரா செல்லாயி, "ஏண்டி, முப்பது வருசம் குடும்பம் நடத்துன எம் புருசனுக்கே என்னையச் சரியாத் தெரியாது. இந்தப் பொட்டிக்கு ஒன்னைய எங்க தெரியப் போவுது" என்று சிரிக்க வைத்தாள். ஒரு கிழமை போனதும் அதே செல்லாயி, பூரணி கையைக் கழுவாமல் வருகிறாள் என்று சொல்லத் தொடங்கினாள்.

அப்போது உனக்குப் போன் எடுத்தேன். கறை இருந்தால் மெஷின் எடுக்காது, விரலை நன்றாகத் தேய்த்துக் கழுவச் சொல் என்றாய். அம்மாவுக்கு நீ சொன்னால் போதும். கொழுந்துக் கறை முப்பத்தோரு வருடத்துக் கறை. சோப்பால் போகவில்லை. தேங்காய்ப் பொச்சும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். பிறகு தண்ணீர் விழும் பீலியடியில், துணி துவைக்கிற கல்லில் தேய்த்தாள். தோல் உரிந்தது. ஆறியதும் மறுபடி தேய்த்தாள். மெஷின் பார்ப்பது கறையை அல்ல, கோடுகளை என்று பிறகுதான் சப்ராஸ் நானா சொன்னார். இப்போது அந்தப் பெருவிரல் கழுவின கிளாஸ் மாதிரி இருக்கிறது.

கணக்கப்பிள்ளை உன் கொம்பனிக்கு முறைப்பாடு அனுப்பினார். அதற்கு டிக்கெட் என்று பெயராம். மூன்றாம் நாள் தமிழிலேயே பதில் வந்தது. அடியில் உன் பெயர் இருந்தது. 'யூசர் எரர்' என்று எழுதியிருந்தாய். யூசர் என்றால் பாவிக்கிற ஆள். எரரின் அர்த்தம் மே மாதத்துக்குப் பிறகு மாறிவிட்டது போலிருக்கிறது.

பதினான்கு நாள் தொடர்ந்து பேர் விழாவிட்டால் சிஸ்டமே ஆளை வேலையிலிருந்து நீக்கிவிடுமாம். ஒட்டோமெட்டிக். அம்மாவை யார் நிறுத்தியது என்று ஒபிஸில் கேட்டேன். யாரும் நிறுத்தவில்லை என்றார்கள். அது உண்மைதான். அப்பா போன பிறகு எங்கள் வீட்டிலிருந்து தோட்டத்துப் பதிவில் இருந்தது அம்மாவின் பேர் ஒன்றுதான். பேர் இல்லாத குடும்பத்துக்குக் குடியிருக்கக் காம்பராவும் இல்லை. இந்த மாதம் முப்பத்தோராம் தேதிக்குள் காலி செய்யச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தக் கடிதத்தைப் போட்டோகொப்பி எடுக்கப் போனபோது சப்ராஸ் நானா ஒரு கேள்வி கேட்டார். முதல் நாள் பதிந்த விரல்தான் மூலப் பிரதி, பிறகு வைக்கிற விரலை மெஷின் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும், "அன்டைக்கு ஒழுங்காப் பதிஞ்சிச்சா?" என்றார். பதிந்தது, பச்சை விளக்கு எரிந்தது என்றேன். அன்று என் போனில் எடுத்த வீடியோவைக் காட்டினேன். அவர் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். பிறகு போனை என்னிடம் திருப்பித் தந்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

நானும் பார்த்தேன். அம்மா மூன்று முறை வைக்கிறாள். மூன்று முறையும் சிவப்பு. உன் மேலதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். நீ சிரித்துக்கொண்டே அம்மாவின் கையை மூடிப் பிடிக்கிறாய். மெஷினில் படுவது உன் பெருவிரல். நகத்தில் சிவப்புப் பூச்சு தெளிவாகத் தெரிகிறது. பச்சை எரிகிறது. எல்லோரும் கை தட்டுகிறார்கள்.

அந்த வீடியோவை உனக்கு அனுப்பினேன். இரண்டு நீலக்கோடு விழுந்தது. பிளொக் செய்தது அதற்குப் பிறகுதான். கல்லில் தேய்க்கச் சொல்லி நீ சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் கழுவச் சொன்ன அன்று, மெஷினுக்குள்ளே இருப்பது யாருடைய விரல் என்று உனக்குத் தெரியும்.

இருபத்தெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு ஹட்டன் தொழில் அலுவலகத்தில் விசாரணை. மெஷினையும் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே முறைப்பாடு கொடுத்தபோதே வீடியோவைக் காட்டினேன். கை மறைக்கிறது, யாருடைய விரல் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று தோட்டத்து நிர்வாகத்தினர் சொல்கிறார்கள். நீ வந்து அம்மாவின் நம்பரை அழுத்தி உன் விரலை ஒரு முறை வைத்தால் போதும். பச்சை எரியும். உன் வேலை போகலாம். அதையும் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

பதிந்தது உன் விரல் என்று அம்மாவுக்குத் தெரியாது. "அந்தப் புள்ள நம்ம லயத்துலேருந்து போயி நல்லா இருக்கு, சும்மா தொந்தரவு குடுக்காத" என்கிறாள். இன்று காலையும் பீலியடியில் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்து என்று என்னால் சொல்ல முடியவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள். என்ன பதில் சொல்வது என்பதை இருபத்தெட்டாம் தேதி முடிவு செய்கிறேன்.

கொழும்பில் காய்ச்சல் பரவுகிறதாம், கொதித்தாறின தண்ணீர் குடி. நல்ல சாப்பாடாகச் சாப்பிடு. விரலைப் பத்திரமாக வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன்னோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்த
சர்மிளா