கடைக் கம்ப்யூட்டருக்கு நீ போட்ட பூட்டு

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நான், மருமகள், உன் மகள் வாயாடி மூவரும் இங்கே சுகம், தையல் மெஷினுக்கு மட்டும் லேசாக இருமல். அங்கே நீயும் உன் முன்கோபமும் சுகம்தானே.

போன மாதம் அங்கிருந்தபடியே என் கடைக் கம்ப்யூட்டருக்கு ஒரு பூட்டுப் போட்டாயே, அதன் மகிமையை முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளி விட்டதும் வாயாடி கடைக்குத்தான் வருகிறாள், மருமகள் ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வரும்வரை கண்டதையும் பார்த்துவிடக் கூடாது என்று நீ பயந்தது நியாயம்தான். ஆனால் உன் பூட்டு தடுத்தது என்னை. வெளியூர் வாடிக்கைக்காரி சட்டை அளவை ஏதோ நம்பரில் அனுப்பியிருந்தாள், அதற்கு மார்புச் சுற்றளவு எவ்வளவு என்று தேடினேன். திரை கறுத்துப்போய், இது உன் வயதுக்கு ஏற்றதல்ல என்றது. எனக்கு அறுபத்தெட்டு ஆகிறது, இன்னும் எத்தனை வயதானால் சம்மதிக்கும் என்று கேட்டுச் சொல். அதோடு விட்டதா, உனக்கும் கோள் சொல்லிவிட்டது. நீ மகளைப் போனில் கூப்பிட்டு, இந்த வயசுலேயே உனக்குப் புத்தி எங்கே போகுது என்று பொரிந்து தள்ளினாய். தேடினது நான்டா என்று சொல்வதற்குள் வைத்துவிட்டாய். மறுபடி கூப்பிட்டுச் சொன்னபோது சரி சரி என்றாயே தவிர, அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள், இங்கே தின்றவன் நான், குடித்தவள் அவள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்து படி. சில நாளாக வாயாடி வாயே திறக்கவில்லை. ஒரு சாயங்காலம் நான் காஜா தைத்துக்கொண்டிருக்கையில் பக்கத்தில் வந்து நின்று, முன்பின் தெரியாதவங்களுக்கு என்னை எப்படி தாத்தா தெரியும் என்றாள். படம் வரையும் தளம் ஒன்று, உன் பூட்டே நல்ல பிள்ளை என்று உள்ளே விட்டது, அதில் எவனோ அவளுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறான். வாயாடி, விழுந்த பல்லு முளைச்சிருச்சா, ஸ்கூல் விட்டா எந்த கேட் வழியா வருவே என்று கேட்டிருக்கிறான். காஜாவை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். இருவரும் உட்கார்ந்து அவள் பள்ளியின் பெயரையும் உன் பெயரையும் சேர்த்துத் தேடினோம். முதலில் வந்து நின்றது நீதான், உன் பக்கத்தில் நீயே போட்ட அவள் படங்கள். பொக்கைவாயோடு ஒரு படம், சீருடையில் ஒரு படம், பள்ளி வாசலில் ஒரு படம், என் வாயாடி என்று தலைப்பு வேறு, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பின்கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு முன்கதவைக் கழற்றித் தெருவில் வைத்திருக்கிறாய்.

மருமகள் வந்ததும் அந்தச் செய்திகளை அழிக்காமல் படமெடுத்து வைத்துக்கொண்டு அவனைத் தடுத்துவிட்டாள், பள்ளியிலும் போலீஸிலும் சொல்லியாயிற்று, இப்போது நானே போய் அவளைக் கூட்டி வருகிறேன். கம்ப்யூட்டரையும் வெட்டுமேஜைப் பக்கம் திருப்பி வைத்தேன். நான் துணி வெட்ட, அவள் தேடினதை வாய்விட்டுப் படிக்கிறாள், இதை எழுதினது யாரு, அவங்களுக்கு எப்படித் தெரியும் என்று என்னை முந்திக்கொண்டு கேட்கிறாள்.

அப்பாகிட்ட ஏம்மா சொல்லலை என்று அவளைக் கேட்டேன். அப்பா என்னைத்தானே திட்டுவாங்க என்றாள். அவனைவிட உன்னைக் கண்டுதான் பிள்ளை அதிகம் பயந்திருக்கிறாள்.

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன், மருமகள் இதைப் படம்பிடித்து அனுப்புவாள், இதையும் ஊருக்குக் காட்டாதே. அந்தப் படங்களை இப்போதே எடுத்துவிட்டு, பிறகு அவளைக் கூப்பிடு. எடுத்த எடுப்பில் விசாரணை வேண்டாம், ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம் என்று கேள், அதைத்தான் நேற்றெல்லாம் தேடினாள், சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதே. நேரத்துக்குச் சாப்பிடு, கண் கெடாமல் தூங்கு, நல்லா இரு. இதை உனக்கு எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன், அப்பா திட்ட மாட்டாங்கன்னு நீங்க ஜாமீன் நின்னா எழுதுங்க என்றாள். நின்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னை நம்பி வாக்குக் கொடுத்துவிட்ட அப்பா